முதியோர் இல்லத்துக்கு மார்க் போடுவது யார்?

முதியோர் இல்லம் பார்க்கப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போகின்றன. மேலாளர் சுற்றிக் காட்டுகிறார், வரவேற்பறையில் பொங்கல் விழா படங்கள், பின்பக்கம் தோட்டம், பிசியோதெரபி அறையில் இரண்டு சைக்கிள், டெபாசிட் இவ்வளவு, மாதம் இவ்வளவு. நாமும் தரை வழுக்குகிறதா, பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கூகுளில் 4.7 இருக்கிறதே என்ற சமாதானத்தோடு கிளம்பிவிடுகிறோம். கைப்பிடி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் பார்த்த எல்லாமே அந்த இல்லம் நமக்குக் காட்ட நினைத்தவை. ஆறு மாதம் கழித்து அப்பா அங்கே எப்படி இருப்பார் என்பதற்கு அதில் ஒரு தடயமும் கிடையாது.

மருத்துவத் தரத்தை எப்படி அளப்பது என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் அவேடிஸ் டொனபீடியன். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த மருத்துவர். 1966-ல் எழுதிய கட்டுரையில் அவர் தரத்தை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார்: கட்டடம், ஆட்கள், கருவிகள் ஒரு பக்கம், அவற்றை வைத்துக்கொண்டு தினசரி உண்மையில் செய்கிற வேலை இன்னொரு பக்கம், கடைசியாக, அந்த வேலையால் மனிதருக்கு என்ன ஆனது என்பது. கேட்டால் ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஞாயிற்றுக்கிழமை விசிட் முழுக்க முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவதைப் பற்றி மேலாளர் வாயால் சொல்கிறார். மூன்றாவதைப் பற்றி நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கேட்டாலும், பதில் சொல்பவர் யார்? தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற மாணவன் கதைதான் இது. இந்த விஷயத்தில் பெரிய அளவில் அடிபட்டுப் பாடம் படித்த நாடு அமெரிக்கா, அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நமக்கு உபயோகம்.

அங்கே 1986-ல் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் நிலைமை பற்றி ஒரு கடுமையான நிபுணர் அறிக்கை வந்தது, அடுத்த வருடமே மத்திய அரசு சட்டம் போட்டது. ஒவ்வொருவரின் உடல்நிலையையும் ஒரே மாதிரியான படிவத்தில் குறித்த இடைவெளிகளில் பதிய வேண்டும், ஆட்களைக் கட்டிப்போடுவதைக் குறைக்க வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வருவார்கள் என்றெல்லாம் விதிகள் வந்தன. கட்டிப்போடுவது உண்மையிலேயே பெருமளவு குறைந்தது, இதைச் சட்டத்தின் வெற்றி என்றே சொல்லலாம். அப்புறம் 2008 டிசம்பரில், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தை நடத்தும் அமைப்பு நட்சத்திர மதிப்பீட்டை ஆரம்பித்தது. ஹோட்டலுக்குப் போடுவது போல ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம். மூன்று விஷயங்களை வைத்துக் கணக்கிட்டார்கள்: அரசு ஆய்வாளர்கள் நேரில் வந்து கண்ட குறைகள், ஊழியர் எண்ணிக்கை, படுக்கைப்புண் மாதிரியான உடல்நல அளவீடுகள்.

இதில் முதலாவது மட்டும்தான் வெளியாள் பார்த்து எழுதியது. மற்ற இரண்டும் அப்போது இல்லமே எழுதிக் கொடுத்தது. ஊழியர் எண்ணிக்கையை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? வருடாந்திர ஆய்வு நடக்கும் நேரத்தில், அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று இல்லமே ஒரு படிவத்தில் நிரப்பிக் கொடுக்கும். எப்போது ஆய்வு வரும் என்று தோராயமாகத் தெரிந்த யாருக்கும் அந்த இரண்டு வாரத்தில் ஆள் போட்டுவிடத் தெரியாதா என்ன. 2014-ல் நியூயார்க் டைம்ஸ் இந்த ஓட்டையை விரிவாக எழுதியது. பிறகு சம்பளப் பட்டியலோடு பொருத்திப் பார்க்கிற முறைக்கு மாறினார்கள், 2018-லிருந்து நட்சத்திரக் கணக்கிலும் அதுதான் போகிறது. மாறியதும் தெரிந்தது: நிறைய இல்லங்களில் சொல்லியிருந்ததைவிட ஆட்கள் குறைவு, சனி ஞாயிறுகளில் இன்னும் குறைவு.

கீழே விழுவது இன்னொரு உதாரணம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு எளிய வேலை செய்தார்கள். மருத்துவமனைகள் மெடிகேருக்கு அனுப்பிய பில்களில், முதியோர் இல்லத்தில் விழுந்து பெரிய காயத்தோடு வந்தவர்களை எடுத்துக்கொண்டு, அதே விழுதல்களை அந்தந்த இல்லங்கள் தங்கள் படிவத்தில் பதிந்திருக்கின்றனவா என்று தேடினார்கள். பதிந்திருந்தது 57.5 சதவீதம்தான். இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போன பாட்டி, இல்லத்தின் கணக்கில் விழவே இல்லை.

எல்லாவற்றிலும் மோசமானது மாத்திரை விவகாரம். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களுக்கு மனநோய்க்கான ஆன்டிசைக்காட்டிக் மாத்திரைகள் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடும் எச்சரிக்கை போட்டுவிட்டது. ஆனாலும் கத்துகிற, எழுந்து நடக்கிற, தூங்காத ஒரு தாத்தாவை அமைதியாக்க அதைவிடச் சுலபமான வழி ஒரு இல்லத்துக்குக் கிடையாது. அதனால் எத்தனை பேருக்கு இந்த மாத்திரை கொடுக்கப்படுகிறது என்பதையும் அளவீட்டில் சேர்த்தார்கள். ஒரு விலக்கு வைத்தார்கள்: ஸ்கிட்சோஃப்ரீனியா (மனச்சிதைவு) போன்ற சில நோய்கள் உள்ளவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவர்களுக்கு மாத்திரை தேவைதானே. நியாயமான விலக்கு. விளைவு என்ன? 2021-ல் நியூயார்க் டைம்ஸ் கணக்கிட்டபோது, இல்லங்களில் இருப்பவர்களில் ஒன்பது பேருக்கு ஒருவருக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா என்று எழுதியிருந்தது. வெளியே மக்கள்தொகையில் அது சுமார் 150 பேருக்கு ஒருவர். பொதுவாக நாற்பது வயதுக்கு முன்பே வந்துவிடும் நோய், எழுபத்தைந்து வயதில் இல்லத்துக்குள் நுழைந்த பிறகு இத்தனை பேருக்கு எப்படி வரும்? 2023-ல்தான் இந்தக் குறிப்புகளைத் தணிக்கை செய்யத் தொடங்கினார்கள்.

ஆக, அளப்பதால் பயனில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவீடு வந்ததால்தான் இவ்வளவும் பிடிபட்டது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: இல்லம் தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிட, அதனால் எளிதில் மாற்றி எழுத முடியாத ஒன்று, அதாவது சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரி பில், உடம்பு, இவைதான் நம்பகமான சாட்சி.

இனி நம்மூர். இங்கே நட்சத்திரமும் கிடையாது, வெளியாரின் ஒழுங்கான அளவீடும் கிடையாது. இத்தனைக்கும் 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். முதியோர் மருத்துவத்தில் இந்தியாவின் முதல் எம்.டி. படிப்பு 1996-ல் தொடங்கியதும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 2007-ம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியவர்கள் 150 பேர் தங்கும் அளவில் மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. தனியார் இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் நாடு முழுக்கக் கொண்டுவரும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, நிறைவேறாமலேயே அந்த மக்களவையோடு காலாவதியானது. பதிவு செய்யாத இல்லங்கள் பதிவு செய்ய வேண்டும் என்று அவ்வப்போது கலெக்டர் அலுவலகங்களிலிருந்து அறிவிப்பு வரும், அதைச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் பார்க்கலாம்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்துவந்த ஓர் ஆசிரமம் பற்றிய செய்திகள் பலருக்கு நினைவிருக்கும். அது வெளியே தெரிந்தது எந்த ஆய்வாளராலும் இல்லை. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று உறவினர் தேடிப்போய், விஷயம் உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான். அதாவது நம்மூரில் ஆய்வாளர் வேலையையும் குடும்பமே பார்க்க வேண்டியிருக்கிறது. மாதம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கட்டுகிற இல்லமானாலும் நிலைமை இதுதான், பளபளப்பு மட்டும் கூடுதல்.

சரி, குடும்பம் எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், ராத்திரி பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் டியூட்டியில் இருக்கிறார்கள் என்று கேட்பேன். மொத்தம் எத்தனை ஊழியர்கள் என்று கேட்டால் சமையல்காரர், டிரைவர், செக்யூரிட்டி எல்லோரையும் சேர்த்து ஒரு எண் வரும், அது எதற்கும் ஆகாது.

ஏன் ராத்திரி என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாற்பது பேர் இருக்கிற ஒரு இல்லம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பன்னிரண்டு பேர் படுத்த படுக்கை. ராத்திரிக்கு இரண்டு அட்டெண்டர். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பழைய, இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படும் வழக்கம். நல்ல ஏர் பெட் இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம். கனமான ஒருவரைத் தோலில் உரசாமல் திருப்ப இரண்டு பேர் வேண்டும். டயப்பரைப் பார்த்து, மாற்றி, துடைத்து, திருப்பி, தலையணை வைக்க ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் பன்னிரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம். முடிக்கும்போது முதல் ஆளுக்கு மறுபடி நேரம் வந்துவிட்டது. மீதி இருபத்தெட்டு பேர்? அதில் ஒருவருக்கு ரெண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக வேண்டும், இன்னொரு அம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டுவார். இரண்டு பேரால் இது நடக்காது. அந்த அட்டெண்டர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் நடக்காது. ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்: திருப்புவதை விடலாம், டயப்பரைக் காலை வரை விடலாம், அல்லது அந்த அம்மாவுக்கு எட்டு மணிக்கே ஒரு மாத்திரை கொடுத்துவிடலாம்.

பராமரிப்பின் தரம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. அன்பு, அர்ப்பணிப்பு, சேவை மனப்பான்மை எல்லாம் இல்லங்களின் விளம்பரத்தில் நிறைய வரும். ஆனால் ஆள் இல்லாத இடத்தில் அன்புக்கு நேரம் இருக்காது.

கணக்கு இடிக்கிற இடத்தில் என்ன விடப்பட்டது என்பதை உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். படுக்கைப்புண் அதில் முதல். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால், இந்த மூன்று இடங்களைப் பார்த்தாலே போதும். ஆரம்பத்தில் புண்ணாக இருக்காது. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காத ஒரு சிவப்பு. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, அதனால் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் சரியாகிவிடும், எலும்பு வரை போனால் மாதக்கணக்கு. கடைசிக் காலத்தில், ரத்த ஓட்டம் ரொம்பக் குறைந்தவர்களுக்கு எவ்வளவு கவனித்தாலும் புண் வரலாம் என்பதும் உண்மை, அதனால் ஒரு புண்ணைப் பார்த்ததும் சண்டைக்குப் போக வேண்டாம். எப்போது கவனித்தீர்கள், என்ன செய்தீர்கள், எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலுக்கு நோட்டைத் திறக்கிறார்களா, சமாளிக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்தது எடை. ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது அமெரிக்கப் படிவத்தில் உள்ள அளவு. 60 கிலோ இருந்த அம்மா ஒரே மாதத்தில் 57 ஆனால் காரணம் தேட வேண்டும். மாதாமாதம் எடை போட்டு எழுதுகிறார்களா என்று கேட்டால் பாதி இடங்களில் மெஷினைத் தேட ஆரம்பிப்பார்கள். மெனு கார்டில் வாரம் இரண்டு நாள் பாயசம் இருக்கும், ஆனால் கை நடுங்குகிற, விழுங்கச் சிரமப்படுகிற ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணி நேரம் இல்லாத இல்லத்தில் தட்டு வரும், இருக்கும், போகும். இன்னும் கொஞ்சம் வசதியான இல்லமாக இருந்தால் மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் ட்யூப் போட்டுவிடுவார்கள். ட்யூபும் சரி, சிறுநீருக்குப் போடும் கேத்தீட்டரும் சரி, மருத்துவக் காரணத்துக்குப் போட்டதா, ஆள் பற்றாக்குறைக்குப் போட்டதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். எப்போது எடுப்பீர்கள் என்றும் கூடவே கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்ப்பதுதான் நல்லது, அதுவும் ராத்திரிச் சாப்பாடு. ஆஸ்திரேலியாவில் 2018-லிருந்து 2021 வரை முதியோர் பராமரிப்பு பற்றி அரசு அமைத்து நடந்த ராயல் கமிஷன் விசாரணையில் பெரிய அதிர்ச்சியாகப் பேசப்பட்டவற்றில் ஒன்று, அங்குள்ள இல்லங்கள் சாப்பாட்டுப் பொருட்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 6 டாலர் அளவில்தான் செலவழித்தன என்பது. பணக்கார நாட்டிலேயே இப்படி.

மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். க்வெட்டியாபின், ஓலன்சாபின், ரிஸ்பெரிடோன் போன்ற ஆன்டிசைக்காட்டிக் மாத்திரைப் பெயர் புதிதாக வந்திருந்தால், யார் எழுதியது, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். சில பேருக்கு, சில காலத்துக்கு இது தேவைப்படலாம். ஆனால் பகல் முழுக்கத் தூங்கி வழிகிற அப்பாவைப் பார்த்து, இப்ப ரொம்ப அமைதியா இருக்கார் சார் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது மாத்திரையின் மேல்தான்.

கீழே விழுவதைப் பற்றிக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்க யாருமே விழுந்ததில்லை என்று சொல்கிற இல்லத்தை நான் நம்ப மாட்டேன். எண்பது வயதைத் தாண்டிய முப்பது பேர் நடமாடுகிற இடத்தில் யாராவது விழத்தான் செய்வார்கள். யாருமே விழவில்லை என்றால், ஒன்று எழுதுவதில்லை, இல்லை யாரையும் நடக்க விடுவதில்லை. இரண்டாவது இன்னும் மோசம், நாற்காலியில் பெல்ட் போட்டு உட்காரவைத்த ஆள் சில வாரங்களில் நிற்கும் பலத்தையே இழந்துவிடுவார். போன மாதம் ரெண்டு பேர் விழுந்தாங்க, ஒருத்தருக்குச் செருப்பு சரியில்லை, இன்னொருத்தருக்கு பிரஷர் மாத்திரையைக் குறைச்சோம் என்று சொல்கிற நர்ஸ் இருக்கிற இடம் நல்ல இடம்.

வேலை பார்ப்பவர்களிடமும் பேச வேண்டும். நீங்க இங்க வந்து எவ்ளோ நாளாச்சு என்று நாலு அட்டெண்டர்களிடம் கேட்டால் போதும். எல்லோரும் ரெண்டு மாதம், மூன்று மாதம் என்றால், ஆள் நிற்காத இடம். சம்பளம் குறைவு, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், தங்குவதற்கும் அங்கேயே ஒரு மூலை. இன்றைக்குச் சென்னை, கோவைப் பக்கம் நிறைய இல்லங்களில் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள்தான் வேலை பார்க்கிறார்கள், நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் டிமென்ஷியா முற்றிய ஒரு பாட்டிக்குக் கடைசியில் மிஞ்சுவது சின்ன வயதுத் தமிழ், 'வயித்தைப் பிசையுது' என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஷிஃப்ட்டில் ஒருவராவது வேண்டும்.

அப்புறம் அங்கே இருப்பவர் சொல்வது. ஆஸ்திரேலியாவில் 2022 டிசம்பரில் நட்சத்திர மதிப்பீடு வந்தபோது, மொத்த மதிப்பீட்டில் 33 சதவீதத்தை, அங்கே வாழ்பவர்களிடம் நேரடியாகக் கேட்டு வாங்கும் பதில்களுக்கு ஒதுக்கினார்கள். படுக்கைப்புண் முதலான அளவீடுகளுக்கு 15 சதவீதம்தான். எனக்கு இந்தப் பங்கீடு பிடித்திருக்கிறது. நம்மூர் பெற்றோரிடம் அதை அப்படியே செய்ய முடியாது என்பது வேறு விஷயம். நல்லா இருக்கியாம்மா என்று வீடியோ காலில் கேட்டால், எனக்கென்ன குறைச்சல், நீ வேளைக்குச் சாப்பிடு என்றுதான் பதில் வரும். பிள்ளை வெளிநாட்டில் கவலைப்படக் கூடாது, தவிர போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அந்த அட்டெண்டர். அதனால் நல்லா இருக்கியா என்ற கேள்வியை விட்டுவிட்டு, நேத்து ராத்திரி என்ன டிபன், எத்தனை மணிக்கு எழுப்பினாங்க, குளிச்சியா, யார் குளிப்பாட்டினாங்க, பெல் அடிச்சா யார் வருவாங்க என்று சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். சாயங்காலம் நாலரைக்கு டிபன் கொடுத்துவிட்டு ஆறு மணிக்குப் படுக்கவைக்கிறார்கள் என்பது இப்படித்தான் தெரியவரும். முடிந்தால் உள்ளூரில் இருக்கிற ஒரு சித்தியையோ பழைய ஆபீஸ் நண்பரையோ சொல்லாமல் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வரக் கூடாது என்று விதி வைத்திருக்கும் இல்லத்தில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து, இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மட்டும் கண் வைத்துப் படித்தால் போதும். ஒன்று, எதெதற்குத் தனிக் காசு: டயப்பர், ஆக்சிஜன், தனி அட்டெண்டர், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது. இன்னொன்று, உடல்நிலை மோசமானால் என்ன ஆகும் என்பது. கோவைப் பக்கம் வில்லா மாதிரி கட்டி விற்கும் ஓய்வுக்கால வீடுகளில் பலர் ஏமாறுவது இங்கேதான். நடமாடும்வரை எல்லாம் அருமையாக இருக்கும், படுக்கையில் விழுந்தால் தனி ஆள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்று ஒரு வரி ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கும். டிமென்ஷியா உள்ளவரை இடம் மாற்றினால் குழப்பம் கூடி, சாப்பாடு குறைந்து, ஒரேயடியாகச் சரிந்துவிடலாம். ஆகவே ஆளைச் சேர்க்கும் முன்பே அந்த வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

சேர்த்த பிறகு பிரச்சினை வந்தால், மேலாளரிடம் பேசுவதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, கட்டணம் கிடையாது. மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அடி, காயம், அடைத்துவைப்பது என்று ஏதாவது இருந்தால் நேராகக் காவல் நிலையம்தான், அதற்கு முன்னால் தேதி தெரியும்படி போட்டோ.